நீட் ரிப்பீட்டா, ஆராய்ச்சிப் படிப்பா?

அம்மா, உங்கள் மகள் தலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரை ரத்த நோய்களை ஆராய வேண்டும் என்கிறாள். அதற்கு எம்பிபிஎஸ்தானே வழி, நீட்டை ரிப்பீட் செய்ய வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவளிடமே ஒன்று கேளுங்கள்: நோயாளியைக் கவனித்துக்கொள்ள ஆசையா, நோய் எப்படி உண்டாகிறது என்று தோண்டிப் பார்க்க ஆசையா? முதலாவது என்றால் இன்னொரு நீட்டுக்கு அர்த்தம் உண்டு. எம்பிபிஎஸ், எம்டி, பிறகு ரத்த நோய்களுக்கான ஹெமட்டாலஜியில் டிஎம் என்ற மேல்படிப்பு என்று போகலாம். இரண்டாவது மட்டும்தான் என்றால் இன்னொரு வருடக் கோச்சிங் தேவையில்லை.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் வரும் கோளாறுதான் இந்த நோய்கள். அந்த ஹீமோகுளோபின் ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்ட பலர் டாக்டர்களே இல்லை. மேக்ஸ் பெருட்ஸ் வியன்னாவில் வேதியியல் படித்தவர். கேம்பிரிட்ஜில் 1937இல் ஹீமோகுளோபின் படிகங்களை எக்ஸ்ரே வைத்துப் பார்க்கத் தொடங்கினார். அதன் வடிவம் பிடிபட இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. 1962இல் நோபல் பரிசு. அவருடைய குழுவில் இருந்த வெர்னான் இங்க்ராமும் வேதியியல்காரர்தான். சிக்கிள் செல் நோய்க்குக் காரணம், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியில் குளுட்டாமிக் அமிலம் என்ற ஒரு அமினோ அமிலத்தின் இடத்தில் வேலின் என்ற இன்னொன்று உட்கார்ந்திருப்பதுதான் என்று அவர்தான் காட்டினார்.

டாக்டராக இருந்து வந்தவர்களும் உண்டு. டேவிட் வெதரால் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக சிங்கப்பூரில் இருந்தபோது, கூர்க்கா வீரர் ஒருவரின் குழந்தைக்குத் தலசீமியா இருப்பதைக் கண்டறிந்தார். வாழ்நாள் முழுவதும் அந்த நோயின் பின்னால்தான் போனார். ஆனால் அவரோடு பல பத்தாண்டுகள் லேபில் நின்ற ஜான் கிளெக் உயிர்வேதியியலாளர். இந்தத் துறைக்கு இரண்டு கதவு. உள்ளே போனதும் ஒரே அறை.

வேலை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பது உங்கள் கணவரின் கவலை. நிறையவே இருக்கிறது. கருவில் இருக்கும்போது நமக்கு வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது. பிறந்த சில மாதங்களில் அது கிட்டத்தட்ட நின்றுவிடும். அதை நிறுத்தி வைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் பங்கு 2007, 2008 வாக்கில் தெளிவானது. ரத்தம் உண்டாக்கும் செல்களில் அதை அடக்கி, பழைய ஹீமோகுளோபினைத் திரும்ப வரவழைக்கும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் 2023இல் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்! நம் ஊரில் யாரால் முடியும்? நம்மால் தாங்கக்கூடிய செலவில் செய்ய டெல்லியில் உள்ள ஐஜிஐபி என்ற மரபணு ஆராய்ச்சி நிறுவனத்திலும், வேலூர் சிஎம்சி வளாகத்து ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்திலும் ஆய்வு நடக்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் இருப்பது 1952இலேயே பதிவான விஷயம். 2047க்குள் இந்த நோயை ஒழிக்க மத்திய அரசும் 2023இல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது.

இனி கசப்பான பகுதி. ஆராய்ச்சி வழி என்றால், ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனத்தில் ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் (இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த படிப்பு), பிறகு பிஎச்டி ஐந்தாறு வருடம். முடிக்கும்போது வயது இருபத்தெட்டைத் தாண்டிவிடும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வீட்டுக்குப் பணம் அனுப்பும் அளவுக்கு இது பெரிய தொகை இல்லை. கல்யாணப் பேச்சை எப்போது எடுப்பது என்பதை இப்போதே மூவரும் பேசிவிடுங்கள். பாதி பிஎச்டியில் அந்தச் சண்டை வந்தால் தாங்காது.

நடுவில் ஆராய்ச்சி கசந்தால், மரபணுப் பரிசோதனை லேப், பரம்பரை நோய் பற்றிக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஜெனட்டிக் கவுன்சலிங், உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று திரும்பிக்கொள்ள வழி இருக்கிறது. வெறும் பயோடெக் பட்டத்தோடு நிறுத்தினால்தான் வேலை தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஐசருக்கு ஐஏடி என்ற தனி நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள். நீட்டுக்குத் தயாராகும் பிள்ளைகள் கணிதத்தைத் தூர வைத்துவிடுவார்கள். அவள் அதைத் திரும்ப எடுக்கட்டும். நீட்டுக்கு விண்ணப்பித்தால் இதற்கும் சேர்ந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், ஐசர் விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும்.