பழைய புல்லட்டும் எண்ணெய்க் கசிவும்: கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் 350 பற்றியவை. வார்ப்பிரும்பு எஞ்சின் என்று அழைத்தாலும் அதில் சிலிண்டர்தான் வார்ப்பிரும்பு. ஹெட்டும் (சிலிண்டரின் மேல்மூடி) கிராங்க் கேஸும் (கிராங்க் சுழலும் அடிக்கூடு) கவர்களும் அலுமினியம். கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா வாங்கிய 1974 மாடல் புல்லட்டைப் புதுப்பித்து வருகிறேன். மூன்று முறை பேக்கிங் (இணைப்பின் நடுவே வைக்கும் தாள்) மாற்றியும் டைமிங் கியர்களை மூடும் டைமிங் கவர் ஓரத்தில் எண்ணெய் கசிகிறது. என்ன செய்யலாம்?

நான்காவது பேக்கிங் வாங்குவதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட இந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் கேஸில் உள்ள காற்றுக்கான இடம் ஏறத்தாழ 346 சி.சி. குறைந்து, காற்று நெருக்கப்படுகிறது. அது வெளியேறுவதற்காகவே பிரீதர் இருக்கிறது. அதன் ரப்பர் வால்வு விறைத்துப்போனாலோ, வால்வின் வாயிலுள்ள உதடுகள் ஒட்டிக்கொண்டாலோ, காற்று எந்த இணைப்பு பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வால்வைக் கழற்றிக் கழுவி, எஞ்சின் பக்கமிருந்து ஊதிப் பாருங்கள். காற்று போக வேண்டும், உறிஞ்சினால் திரும்பி வரக்கூடாது. வால்வு சரியாக இருந்தும் பிரீதர் குழாயில் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

அடுத்து, கசிவு உண்மையில் எங்கே தொடங்குகிறது என்று உறுதி செய்யுங்கள். எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த இடத்தில் பவுடர் முதலில் ஈரமாகிறதோ அதுதான் கசிவின் தொடக்கம். ஓட்டிப் பார்த்துத் தேடினால் எதிர்காற்று எண்ணெயைப் பின்னால் பரப்பிவிடும்.

கசிவு கவரில்தான் என்றால், எண்ணெய்ப் பம்புகளை எடுத்துவிட்டு, தடிமனான கண்ணாடியின் மேல் 400 எண் உப்புத்தாளை விரித்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, கவரின் விளிம்பை எட்டு போடுவதுபோல் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். தேய்மானம் படாமல் கருமையாகவே நிற்கும் இடம் பள்ளம். பெரும்பாலும் அது யாரோ ஒருவர் முன்பு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிய இடமாகவே இருக்கும். பளபளப்பு ஒரே சீராக வரும்வரை தேய்த்து, எல்லாத் துளைகளையும் பெட்ரோலால் கழுவிய பிறகுதான் புதிய பேக்கிங் போட வேண்டும்.

கேள்வி: பேக்கிங்கே இல்லாமல் சிலிகான் பசை மட்டும் போட்டால் போதும் என்கிறார்களே?

இந்த எஞ்சினில், குறிப்பாக டைமிங் கவரில், அதை நான் ஏற்கமாட்டேன். பிக் எண்டுக்குப் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) போகும் எண்ணெய் அந்தக் கவரின் துளைகள் வழியாகவே பாய்கிறது. என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியின் பிக் எண்ட் தேய்ந்து தட்டிக்கொண்டிருந்தது. கவரைத் திறந்தபோது, உள்பக்கம் பிதுங்கி உடைந்த சிவப்பு சிலிகான், அரிசி அளவில் எண்ணெய்த் துளையில் சிக்கியிருந்ததைக் கண்டேன். அந்தச் சிறு துண்டுக்காக கிராங்க்கையே பிரிக்க வேண்டியதாயிற்று. மட்டமான பரப்பும், துளைகள் பிசகாமல் பொருந்தும் பேக்கிங்கும், அதன் இரு பக்கமும் மெல்லப் பூசிய கிரீஸும் போதுமானவை. பேக்கிங்கை நீங்களே வெட்டுவதானால், கவரின் விளிம்பில் எண்ணெய் தடவித் தாளில் அச்சு எடுத்து, கத்தரியால் வெட்டுங்கள். தாளைக் கவரின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டும் பழக்கம் அலுமினிய விளிம்பை மழுக்கிவிடும்.

கேள்வி: ஹெட்டில் இருந்த செம்பு கேஸ்கெட்டை (செம்பாலான பேக்கிங்கை) மறுபடி பயன்படுத்தலாமா?

விரிசலோ கருகிய தடமோ இல்லையென்றால் பயன்படுத்தலாம். அழுத்தத்தில் இறுகிப்போன செம்பை, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து, மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். எஃகைப்போல் செம்பு இப்படிக் குளிரவைப்பதால் இறுகாது. மேலே படிந்த கரும்பொருக்கை நீக்கிப் பொருத்துங்கள். ஹெட் நட்டுகளை எதிரெதிர் வரிசையில் மூன்று நான்கு சுற்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் முழுதும் ஆறிய நிலையில் மறுபடி இறுக்கி, வால்வுகளைத் திறக்கும் புஷ் ராடுகள் விரலால் தாராளமாகச் சுழல்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளட்ச் பக்கக் கவரின் நடு நட்டை எவ்வளவு இறுக்கியும் எண்ணெய் சொட்டுகிறது.

இறுக்குவதை நிறுத்துங்கள். ஒரே நட்டில் நிற்கும் அந்தக் கவர் அளவுக்கு மீறி இறுக்கினால் வளைந்து, ஓரத்தில் இன்னும் விலகும். ரப்பர் வளையத்தை மாற்றி, அது உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: 1968 மாடல் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, முதன்முதலில் இருந்த வடிவிலேயே பராமரிக்கப்படும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுகளுக்கு "விஏ" வரிசை எண் கிடைக்கும். ஆனால் அன்றாடப் பயணத்துக்கு அந்த வண்டியை ஓட்டக்கூடாது. அலுவலகத்துக்கு ஓட்டிச்செல்லும் எண்ணம் இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிவானாலும் எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே பாலிஷுக்கோ மணல் வீச்சுக்கோ கொடுக்கும் முன் அந்த இடங்களைத் தடித்த டேப்பால் மூடிக் கொடுங்கள். அவற்றின் அழுக்கை எடுக்க மண்ணெண்ணெயில் நனைத்த துணியே போதும்.