திக்கித் திக்கி ஓர் எண்

அன்புள்ள ஐயா,

இசைக்கலைஞர் பால் ஹார்ட்காஸ்ட்டிலின் ‘19’ பாட்டைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்துக் கேட்டேன். போர்முனை வீரனின் சராசரி வயது இரண்டாம் உலகப்போரில் 26, வியட்நாமில் 19 என்கிறது பாட்டு. அந்தக் கணக்கே தவறு என்கிறார்களே? அதுவும் இவ்வளவு துயரமான விஷயத்துக்கு நடன மெட்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு தவறுதான். வியட்நாமில் இறந்த அமெரிக்கர்களின் சராசரி வயது 23ஐ ஒட்டி வரும். ஆனால் வாஷிங்டன் நினைவுச் சுவரில் இருக்கும் 58,000க்கு மேற்பட்ட பெயர்களில், 20 வயதில் செத்தவர்கள்தான் மற்ற எந்த வயதினரையும்விட அதிகம். சராசரி என்பது இப்படியும் ஏமாற்றும்.

அந்த எண் ஹார்ட்காஸ்ட்டில் கண்டுபிடித்ததும் இல்லை. அவர் லண்டன்காரர். தொலைக்காட்சியில் பார்த்த ஓர் அமெரிக்க ஆவணப்படத்தின் வர்ணனையை வெட்டியெடுத்து எலக்ட்ரோ என்னும் மின்னணு நடனத் தாளத்தின்மேல் ஒட்டினார். அவரிடம் இருந்த எமுலேட்டர் கருவி இரண்டு விநாடி ஒலியைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இரண்டு விநாடிக்குள் அர்த்தத்தோடு அடங்கியது அந்த எண்தான். கருவியின் விசைக் கட்டையை அழுத்த அழுத்த ‘நை-நை-நை-நைன்ட்டீன்’ என்று திக்கியது.

எனக்கு அந்தப் பாட்டே அந்தத் திக்கல்தான். போரிலிருந்து திரும்பியவன் மனது ஒரே நொடியில் மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறதே, அதற்கு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்) என்று பெயர் வைத்து அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்ததே 1980இல்தான். ஐந்தே வருடத்தில், 1985இல், அந்த நோயின் பெயர் ஒரு நடனப் பாட்டுக்குள் வந்துவிட்டது. பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம் வேறு. (ஹார்ட்காஸ்ட்டிலின் மேலாளர் சைமன் ஃபுல்லர் பிறகு தன் நிறுவனத்துக்கே ‘19’ என்று பெயர் வைத்துக்கொண்டார். வணிகம் எதையும் வீணாக்காது.)

சரி, நடன மெட்டு. சோக ராகத்தில் போட்டிருந்தால் ஒருமுறை கேட்டுவிட்டு மறந்திருப்போம். தாளம் இருந்ததால்தான் அந்தக் குரல் விடுதி அறைகள் வரை வந்தது. நானும் ஆடியவன்தான். வர்ணனையில் பாதி புரியாது, எண் மட்டும் புரியும். ‘நை-நை’ என்று வரும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். அறையில் ஒருவனுக்கும் இருபது ஆகியிருக்கவில்லை.

அன்புடன்.