நான்கு டிஸ்க் பெட்டியா, இரண்டு தனி டிஸ்க்கா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். கோப்புகள் 3 டெராபைட்டைத் தாண்டிவிட்டன. நான்கு ஹார்டு டிஸ்க் பொருத்தும் ரெய்டு பெட்டி வாங்கினால் பேக்கப் கவலையே இருக்காது என்று எஸ்.பி. ரோடு கடைக்காரர் சொல்கிறார். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெட்டி நல்ல சாமான்தான். ஆனால் உங்கள் கவலைக்கு அது மருந்தல்ல. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் முறை. ஒரு டிஸ்க் செத்துப்போனால் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. கடைப் பையன் கைதவறி ஒரு முகூர்த்த ஃபோல்டரை அழித்தால், அதே நொடியில் எல்லா டிஸ்க்கிலும் அது அழிந்துவிடும். வைரஸ் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டாலும் இதே கதிதான். திருடன் வந்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். தவிர, இத்தகைய பெட்டிகளைப் பெரும்பாலும் காலியாகத்தான் விற்பார்கள். டிஸ்க் விலை தனி.

அதற்குப் பதிலாக, தனி அடாப்டரில் இயங்கும் 3.5 அங்குல மேஜை வகை ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். பட்ஜெட்டுக்குள் அடங்கும் அளவில், 8 டெராபைட் கிடைத்தால் நல்லது. விண்டோஸில் அது 7.27 என்று காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கணக்கிடும் முறைதான் வேறு. ஒன்று கடையில், மற்றொன்று வீட்டில். வாரம் ஒரு முறை இடம் மாற்றுங்கள். பேக்கப் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். கணினியோடு இணைந்தே கிடக்கும் டிஸ்க்கையும் வைரஸ் விடாது.

முதல் நகலுக்குப் பொறுமை வேண்டும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 3 டெராபைட்டுக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். ஆயிரக்கணக்கில் சிறு படங்கள் இருந்தால் இன்னும் இழுக்கும். கடை மூடும்போது தொடங்கிவிட்டுப் போங்கள், யுபிஎஸ் இணைப்போடு. பிறகு புதிதாக வந்தவை, மாறியவை மட்டும் போனால் போதும். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் இதைச் செய்யும். அதில் 'மிரர்' முறையைத் தேர்ந்தால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். 'அப்டேட்' முறையைத் தேர்ந்து, பழைய பிரதிகளைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கும் வசதியையும் இயக்கி வையுங்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானதுதான். நடப்பு ஆல்பத்தைத் திருத்த அதை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த வேலைகளைக் கிடங்குபோல் அடுக்கி வைக்க அந்த விலை கட்டாது.

பல கணினிகள் ஒரே கோப்பில் வேலை செய்யும் நிலை வந்தால், அப்போது இரண்டு டிஸ்க் நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாக எல்லாக் கணினிகளும் பகிரும் சேமிப்புப் பெட்டி, வாங்கலாம். அதற்கு டிஸ்க் எடுக்கும்போது சிஎம்ஆர் வகைதானா, அதாவது பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் இருப்பதா, என்று கேளுங்கள். தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகை ரெய்டில் தடுமாறும். நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையின் சில டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் இருப்பதை 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. நகல் எடுக்க மட்டும் பயன்படும் டிஸ்க்குக்கு எஸ்எம்ஆர் ஒரு குறையில்லை.

வாங்கும் இடத்தில் கவனம். 16 டெராபைட் எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய்க்கு என்று யாராவது நீட்டினால், அது போலி, பேசாமல் நகர்ந்துவிடுங்கள். டிஸ்க் வாங்கியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் அது இயங்கிய மணிக்கணக்கைப் பாருங்கள். புதியதென்று சொன்ன டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி தேதியையும் சரிபாருங்கள். வாரண்டியில் டிஸ்க் மாற்றித் தருவார்கள், படங்களை அல்ல. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டே பில் கேளுங்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, வழி உண்டு.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். இந்த டிஸ்க்குகளின் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட். பல லேப்டாப் சார்ஜர்கள் 19 வோல்ட். முனை பொருந்துகிறதே என்று யாராவது மாற்றிச் செருகினால் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கருகிவிடும். இரண்டு அடாப்டர்களிலும் அழியாத மையில் 'டிஸ்க்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.