நாய் கவ்விய நாட்டுக்கோழி: முதுகுக் காயத்துக்குத் தையல் தேவையா?

கேள்வி: செல்லமாக வளர்க்கும் நாட்டுக்கோழியை மூன்று நாளைக்கு முன் தெருநாய் கவ்விவிட்டது. முதுகுத்தோல் உள்ளங்கை அகலம் கிழிந்து சதை தெரிகிறது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறேன். இரை கொஞ்சம் எடுக்கிறது. காயத்தைச் சுற்றிப் பச்சையாகிவிட்டது. அழுகுகிறதா? தையல் போடவேண்டுமா?

பதில்: கெட்ட வாடை இல்லையென்றால் அந்தப் பச்சை அழுகல் அல்ல. ரத்தம் கட்டிய இடம் கோழிக்கு இரண்டு மூன்று நாளில் பச்சையாகத்தான் மாறும். நமக்கு அது பிறகு மஞ்சளாகும். அதற்கான நொதி கோழிக்குக் கிடையாது. தோல் கறுத்து நாற்றமடித்தால்தான் அழுகல்.

தையல் வேண்டாம். மூன்று நாளான நாய்க்கடியை மூடித் தைத்தால் கிருமி உள்ளே அடைபடும். கோழிக்குச் சீழ் வடியாது, பால்கட்டிபோல் மஞ்சளாக இறுகிக்கொள்ளும். திறந்தே விடுங்கள், அடியிலிருந்து சதை வளர்ந்து, ஓரத்தோல் சுருங்கித் தானே மூடும். ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

பெரிய கிழிசலைவிட அஞ்சவேண்டியது சின்னப் பல் ஓட்டைகளுக்கு. இறகை விலக்கி நெஞ்சு, விலா, இறக்கையடி எல்லாம் தடவிப் பாருங்கள். தோல் உப்பி, அழுத்தினால் நறநறத்தால் உள்ளே காற்றுப்பை (நுரையீரலோடு சேர்ந்த மூச்சுப்பை) கிழிந்திருக்கிறது. மூச்சோடு குமிழி வரும் ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சவே கூடாது, அது நுரையீரலுக்குப் போய்விடும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கும் அழைக்கலாம்.

எண்ணெய்ப் பூச்சை நிறுத்துங்கள். இறகில் எண்ணெய் ஊறினால் உடல்சூடு நிற்காது. மஞ்சள் காயத்தின் நிறத்தையே மறைத்துவிடும். காயத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இறகைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் தோல் இன்னும் கிழியும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு (தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன்) கரைத்து, வெதுவெதுப்பாக, ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சால் கழுவுங்கள். பிறகு 10 சதவீத போவிடோன் அயோடின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தடவுங்கள். முதல் ஐந்து நாள் இருவேளை, அப்புறம் ஒருவேளை. ஹைட்ரஜன் பெராக்சைடு புதுச்சதையையும் சேர்த்துக் கொல்லும், வேண்டாம்.

ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கூண்டைக் கொசுவலையால் மூடி, கழுவும்போதெல்லாம் தோல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். புழுவை இடுக்கியால் எடுங்கள். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைன் கோழிக்கு ஆகாது.

நாம் போடும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அது போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் மடிந்ததால்தான் 2006-இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். நாய்க்கடிக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படும். எடை பார்த்து மருத்துவர் தரட்டும். எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூண்டில் உமி, மணல் வேண்டாம், காயத்தில் ஒட்டும். பழைய துணியை விரித்துத் தினமும் மாற்றுங்கள். ஊறவைத்த கம்பு, மசித்த வேகவைத்த முட்டை கொடுக்கலாம். தண்ணீரை வாயில் ஊற்றினால் புரையேறும், அலகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கழுத்தடி இரைப்பை காலையில் காலியாகாமல் இருந்தால் செரிமானம் நின்றிருக்கிறது. தீனியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

காயத்தின் சிவப்பு மறையும்வரை மற்றக் கோழிகளோடு விடாதீர்கள், கொத்தியே கொன்றுவிடும். ஆறியபின் ஒரு வாரம் கம்பிவலைக்கு இப்புறம் வைத்துப் பழக்கி, அந்தியில் அடையும் நேரத்தில் சேர்த்து விடுங்கள்.