கொளுக்கியும் “நிலையாக” என்ற ஒரு சொல்லும்

கேள்வி: கொழுந்து பறிப்போர் இடுப்பில் கட்டும் படங்குக்கு ஒரு கொளுக்கி வடிவமைத்து ஆக்கவுரிமை (patent) பெற்றேன். “இடுப்புப் பட்டியில் நிலையாகப் பொருத்தப்பட்ட கொளுக்கி” என்பது முதலாவது உரிமைக்கோரிக்கை (claim). போட்டியாளர் ஒருவர் அதே கொளுக்கியை பிரஸ் பட்டனில் மாட்டி விற்கிறார். வரைபடங்களில் தையல்தான் தெரிகிறது, ஆகவே “நிலையாக” என்றால் தைத்தது என்று சொல்லி வணிக மேல் நீதிமன்றம் என் வழக்கைத் தள்ளிவிட்டது. மேன்முறையீடு செய்யலாமா? — ஹட்டன் வாசகர்

பதில்: செய்யலாம். வாதமும் இருக்கிறது, ஆனால் முதலில் நாட்களைப் பாருங்கள். வணிக மேல் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்கு (Supreme Court) போகும். மேன்முறையீட்டு அறிவித்தலைத் தீர்ப்பு வழங்கிய நீதிமன்றத்திலேயே 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் தீர்ப்பு நாளும் ஞாயிறும் பொது விடுமுறைகளும் சேராது. மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாட்கள். அதில் விடுமுறைகளைக் கழிக்காதீர்கள். இந்த எல்லை தவறினால் நல்ல வாதமும் கேட்கப்படாமலே போய்விடும்.

இனி அந்தச் சொல். பாதுகாப்பின் எல்லையை வகுப்பவை உரிமைக்கோரிக்கைகளே. விவரணமும் வரைபடமும் அவற்றை விளங்கிக்கொள்ள உதவும். வரைபடம் கண்டுபிடிப்பைச் செய்யும் ஒரு வழியைக் காட்டுகிறது என்பதற்காகக் கோரிக்கையை அதற்குள் அடைத்துவிட முடியாது. 1ஆவதைத் தொடர்ந்து வரும் உரிமைக்கோரிக்கைகளை, உதாரணமாக 4ஆவதை, எடுத்துப் பாருங்கள். “கொளுக்கி தைக்கப்பட்டுள்ள, 1ஆம் கோரிக்கையின் சாதனம்” என்ற மாதிரி அங்கே இருந்தால், அதுவே உங்கள் வலுவான ஆயுதம். 1ஆவதும் தையலை மட்டுமே குறித்தால் 4ஆவதுக்கு வேலையே இல்லை.

அடுத்தது நோக்கம். நனைந்த படங்கின் பாரத்தைப் பட்டி தாங்க வேண்டும், வேலை நேரத்தில் கொளுக்கி நகரக் கூடாது என்று விவரணம் சொன்னால், அந்தத் துறை தெரிந்தவர் “நிலையாக” என்பதை அந்தப் பாரத்தோடு சேர்த்தே வாசிப்பார். கட்டட உத்தரம் பற்றிய பிரித்தானிய கேட்னிக் (Catnic) ஆக்கவுரிமை வழக்கில் “செங்குத்தாக” என்று எழுதியிருந்தும், 6, 8 பாகை சாய்ந்த உலோகத் தகடு மீறலே என்று அப்போது அங்கு உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, வழிகாட்டும். பாரம் ஏற்றினாலும் பிரஸ் பட்டன் கழன்று வராது என்பதற்கு விசாரணையில் சாட்சியம் பதிந்திருந்தால்தான் இந்த வாதம் நிற்கும். மேன்முறையீட்டில் புதிய சான்றைச் சேர்ப்பது மிகக் கடினம்.

என் பெரிய கவலை வேறு. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திலுள்ள உங்கள் விண்ணப்பக் கோவையின் சான்றுப்படுத்திய பிரதியை உடனே எடுங்கள். “முந்திய கொளுக்கிகள் கழற்றக்கூடியவை, எங்களுடையது அப்படியல்ல” என்று நீங்கள் அங்கே எழுதியிருந்தால், எதிர்த்தரப்பு அதை விடாது. சொல்லின் பொருளை விரிக்கும்போது ஆக்கவுரிமையின் செல்லுபடித்தன்மையும் ஆட்டம் காணும். கொளுக்கி‑வளையம், பிரஸ் பட்டன், வெல்க்ரோ எல்லாம் பழையவை. மீறலுக்கு ஒரு பொருள், புதுமைக்கு இன்னொரு பொருள் என்று நீதிமன்றம் வைக்காது. 1ஆவது விழுந்து தையல் கோரிக்கை மட்டும் தப்பினால், போட்டியாளரை அது தொடாது. ஆகவே கொளுக்கியின் வளைவோ பூட்டோ எது உண்மையில் புதியது என்பதை மனுவில் முதலில் நிறுவுங்கள், “நிலையாக” என்பதன் விரிந்த பொருளை அதன் பிறகு கேளுங்கள்.

ஆண்டுக் கட்டணம் நிலுவையில் இருந்தால் இன்றே சரிசெய்யுங்கள். தீர்ப்பின் சான்றுப் பிரதி, ஆக்கவுரிமைப் பத்திரம், அடையாளமிட்ட சான்றாவணங்கள், விசாரணைக் குறிப்பு ஆகியவற்றோடு ஆக்கவுரிமை வழக்கு நடத்தும் சட்டத்தரணியை இந்த வாரமே சந்தியுங்கள்.