தோண்டிய மண் குழிக்குள் ஏன் அடங்கவில்லை? மண்வேலை பற்றிய கேள்வி-பதில்

மண் வெட்டுவது, நிரப்புவது, மட்டப்படுத்துவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

குழியின் நீள, அகல, ஆழத்தைப் பெருக்கினால் 10 கன மீட்டர்தான் வருகிறது. மண் அள்ளிய டிப்பர்காரர் 13 கன மீட்டர் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு கணக்குமே சரியாக இருக்கலாம். தரைக்குள் இறுகிக் கிடக்கும் மண்ணை வெட்டி எடுத்ததும் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து அது உப்பிவிடும். சாதாரண மண் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். களிமண் 40 வரைக்கும் போகும். வெடிவைத்து உடைத்த பாறை என்றால் 50-ஐத் தாண்டும்.

இதே மண்ணைத் திரும்பப் போட்டு நன்றாக இறுக்கினால், தரைக்குள் இருந்த அளவைவிடவும் குறைந்துபோகும். 10 கன மீட்டர் வெட்டிய மண், இறுக்கிய பிறகு 9 ஆகிவிடுவது சகஜம். ஆகவே 10 கன மீட்டர் பள்ளத்தை நிரப்ப வேண்டும் என்றால், லாரியில் 13, 14 கன மீட்டராவது வந்து இறங்க வேண்டும். பாறை மட்டும் இதற்கு விதிவிலக்கு. என்ன செய்தாலும் உடைப்பதற்கு முன் இருந்த அளவுக்கு அது சுருங்காது.

எந்த நிலையில் அளப்பது என்பதை வேலைக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழியை அளப்பதுதான் நியாயமான வழி என்பது என் கருத்து. லாரியில் மண் எவ்வளவு தளர்வாக விழுந்தது என்பது அள்ளுகிறவர் கையில் இருக்கிறது. கையால் வெட்டும் பெரிய வேலைகளில் நடுநடுவே ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள். அதன் தலையில் பழைய தரை புல்லோடு அப்படியே இருக்கும். அதை வைத்து ஆழத்தை அளந்து, கணக்கு முடிந்த பிறகுதான் அந்தத் திட்டையும் எடுப்பார்கள். திட்டின் மேல் புல்கட்டி ஒன்றை அடுக்கி நாலு விரல் உயர்த்தும் வேலையும் கூடவே உண்டு, அதனால் அளக்கும் முன் தலையைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது நல்லது.

குழாய் பதிக்க 2 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுகிறோம். "மண் கல்லு மாதிரி நிக்குது, முட்டு எதுக்கு?" என்கிறார் மேஸ்திரி. விட்டுவிடலாமா?

கூடாது. முட்டு கொடுக்காமல் ஆளை உள்ளே இறக்காதீர்கள்.

ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய 1.6 முதல் 2 டன் எடை இருக்கும். பள்ளத்தின் பக்கம் சரிந்தால் அவ்வளவும் ஒரே நொடியில் விழும், விலகி ஓட உள்ளே இடம் கிடையாது. மார்பளவு புதைந்தாலே ஆபத்து. தலை வெளியே இருந்தும் பயனில்லை. மூச்சை விடும்போது மார்பு சுருங்கும், அந்த இடைவெளியில் மண் இறங்கிக்கொள்ளும், அடுத்த மூச்சை இழுக்க விலா எலும்புகள் விரிய முடியாது.

மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெட்டிய அன்று மண் நிற்கத்தான் செய்யும். துகள்களைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் மிதமான ஈரம். வெயிலில் அது காய்ந்தால் மண் வெடிக்கும், மழையில் கூடினால் இளகும். காலையில் நின்ற பக்கம் சாயங்காலமும் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பல நாடுகளின் விதிகள் 1.2 அல்லது 1.5 மீட்டரைத் தாண்டினாலே பாதுகாப்பு கட்டாயம் என்று சொல்வது இதனால்தான்.

இடம் இருந்தால் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள். தளர்ந்த மணல்மண்ணில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் அகலம் விட வேண்டியிருக்கும். இடம் இல்லையென்றால் பலகை அடைத்துக் குறுக்கே முட்டுக் கொடுப்பதுதான் வழி. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள், குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். ஜேசிபியும் லாரியும் விளிம்பை ஒட்டி வரக்கூடாது. ஆள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஏணி இருக்க வேண்டும். பள்ளத்தின் மறுகோடியில் சாத்தி வைத்த ஏணி அவசரத்துக்கு உதவாது.

தினமும் இறங்கும் முன் விளிம்புக்கு வெளியே தரையைப் பாருங்கள். பள்ளத்துக்கு இணையாக, கொஞ்சம் தள்ளி ஒரு மெல்லிய விரிசல் ஓடுகிறதா? அது தெரிந்தால் யாரையும் இறக்காதீர்கள். பக்கத்தில் பழைய குழாய்ப் பள்ளம் இருந்தாலும் கவனம். ஒரு தடவை தோண்டி மூடிய மண், எத்தனை வருஷம் ஆனாலும் தோண்டாத மண்ணைப் போல நிற்காது. மீறிச் சரிந்துவிட்டால் காப்பாற்ற மற்றவர்கள் உள்ளே குதிக்க வேண்டாம், ஜேசிபி வாளியையும் இறக்க வேண்டாம். உடனே தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

அஸ்திவாரக் குழியை ஜேசிபி 15 சென்டிமீட்டர் கூடுதலாகத் தோண்டிவிட்டது. மண்ணைப் போட்டு மட்டம் பண்ணலாமா?

வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் மண் அமுங்கும், மேலே கட்டடத்தில் விரிசல் விழும். அடியில் கிளறிக் கிடக்கும் மண்ணை வாரி எடுத்துவிட்டு, அதிகமான ஆழத்தைச் சாதாரண கான்கிரீட்டால் நிரப்புங்கள். அடுத்த முறை கடைசி 15 சென்டிமீட்டரை இயந்திரத்துக்கு விடாமல், கான்கிரீட் போடும் நாளன்று மண்வெட்டியால் எடுக்கச் சொல்லுங்கள். இடையில் மழை பெய்தாலும் அந்த மேல்தோல்தான் சேறாகும், அடித்தரை கெடாது.

பேஸ்மென்ட்டுக்குள், அதாவது வீட்டுத் தரைக்கு அடியில் எழுப்பிய சுவர்களுக்கு நடுவே, மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டோம். ஒரு மழைக்காலம் கழிந்தால் தானாக இறுகிவிடுமா?

நீங்கள் கொட்டியது எந்த மண் என்று எழுதவில்லை, பதிலே அதில்தான் இருக்கிறது. சுத்தமான மணலாக இருந்து, விட்ட தண்ணீர் வடிந்து போகவும் வழி இருந்தால், ஓரளவுக்கு இறுகும். களி கலந்த மண்ணில் தண்ணீரைக் கட்டினால் மேலே சேறாகும், உள்ளே கட்டிகளுக்கு நடுவே பொந்துகள் அப்படியே இருக்கும். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தரை ஓடு தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்பதற்கும், மூலையில் தரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி விழுவதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணம்.

முறை இதுதான்: 15 முதல் 20 சென்டிமீட்டர் படலமாக மண்ணைப் பரப்பி, திமிசுக்கட்டையாலோ கம்பாக்டராலோ இறுக்கிவிட்டு அடுத்த படலத்துக்குப் போக வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொட்டிவிட்டு மேலே மட்டும் கம்பாக்டரை ஓட்டினால் மேல்பரப்புதான் இறுகும், அதிர்வு அடிவரை போய்ச் சேராது. சுவர் ஓரங்களையும் மூலைகளையும் கைத்திமிசால் தனியாகக் கவனியுங்கள், இயந்திரம் அங்கே சரியாகப் போகாது.

ஈரமும் அளவாக இருக்க வேண்டும். உலர்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று உரசி நகர மறுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும், எவ்வளவு அடித்தாலும் மண் மெத்தென்று ஆடும். நடுவே ஓர் அளவில்தான் மண் மிக நன்றாக இறுகுகிறது. 1933-இல் ப்ராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை முறையான சோதனையாக்கினார், இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. "95 சதவீதம் ப்ராக்டர்" என்று ஒப்பந்தங்களில் பார்த்திருப்பீர்கள்; அந்தச் சோதனையில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது களத்தில் வர வேண்டும் என்று அர்த்தம். களத்தில் ஒரு கைவழி உண்டு: ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டை நின்று, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பிடிக்கவே இல்லையென்றால் தண்ணீர் தெளியுங்கள், உடையாமல் தரையில் அப்பிக்கொண்டால் காயவிடுங்கள். ஆய்வகச் சோதனைக்கு இது மாற்றாகாது, ஆனால் ஒரு வீட்டு வேலையில் பெரிய தவறுகளைத் தடுக்கும்.

ஏற்கெனவே கொட்டியதற்கு என்ன செய்வது என்கிறீர்களா? தரை போடாத வரைக்கும் வழி இருக்கிறது. மண்ணை வெளியே எடுத்துத் திரும்பப் படலம் படலமாகப் போடுங்கள். வேலைதான், ஆனாலும் போட்ட தரையை உடைப்பதைவிட இது சுலபம்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி அடித்தளம் தோண்டப் போகிறோம். எவ்வளவு ஆழம் வரை பயமில்லை?

முதலில் அவர்கள் அஸ்திவாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைச் சின்னதாக ஒரு குழி போட்டுப் பாருங்கள். அதன் அடிவிளிம்பிலிருந்து உங்கள் பக்கமாகக் கீழே 45 டிகிரியில் ஒரு கோடு போனால், அந்தக் கோட்டுக்குக் கீழே உங்கள் குழி இறங்கக்கூடாது. இறங்கியே ஆக வேண்டும் என்றால் கட்டுமானப் பொறியாளர் இல்லாமல் தொடாதீர்கள். அவர் பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் சுமார் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கான்கிரீட் தாங்கு கொடுக்கச் சொல்வார், அல்லது தோண்டும் முன்பே தடுப்புச் சுவர் இறக்கச் சொல்வார். அப்புறம், வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டில் இருக்கும் விரிசல்களை அவர்களையும் கூட வைத்துக்கொண்டு தேதியோடு படம் எடுத்துவிடுங்கள்.

முற்றத்தை அரை மீட்டர் உயர்த்தப் போகிறோம். நடுவில் பெரிய மரம் நிற்கிறது. மரத்தைச் சுற்றியும் நிரப்பலாமா? தோண்டிய மேல்மண்ணை அதற்குப் பயன்படுத்தலாமா?

மரத்தைச் சுற்றி நிரப்பினால் அது உடனே சாகாது, அதுதான் சிக்கல். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கின்றன, அவற்றுக்குக் காற்று வேண்டும். அரை மீட்டர் மண் மேலே ஏறினால் காற்று போய்ச் சேராது, அடிமரத்தின் பட்டையும் ஈரத்தில் அழுகும். இரண்டு மூன்று வருஷம் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும்போது யாருக்கும் மண் நிரப்பியது நினைவிருக்காது. அடிமரக் குறுக்களவைப் போல 12 மடங்கு தூரத்தை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், அதற்குள் வெட்டவும் வேண்டாம், நிரப்பவும் வேண்டாம், வண்டியும் போக வேண்டாம். உயர்த்திய முற்றம் அந்த வட்டத்தில் ஒரு சின்னத் தடுப்புச் சுவரோடு நிற்கட்டும், உள்ளே விழும் மழைநீர் வடிய வழியும் வையுங்கள்.

மேல்மண்ணைக் கட்டடத்துக்கு அடியிலோ நடைபாதைக்கு அடியிலோ போடாதீர்கள், அதில் இருக்கும் மக்கு மட்கி இறங்கும். செடிகளுக்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது. முதல் 15, 20 சென்டிமீட்டரைத் தனியாக வழித்து, 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாக வைத்து, கடைசியில் தோட்டத்தில் பரப்புங்கள்.

குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி பகலாக பம்ப் ஓட்டலாமா?

இறைக்கும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீராக இருந்தால் ஓட்டலாம். அடியில் மணலோ வண்டலோ தங்கினால், சுற்றியுள்ள தரைக்கு அடியிலிருந்து மண்ணையும் சேர்த்து உறிஞ்சுகிறீர்கள் என்று அர்த்தம், பக்கத்துக் கட்டடம் இறங்கக்கூடும். பம்பு போடும் குழியை அஸ்திவார எல்லைக்கு வெளியே ஒரு மூலையில் வெட்டி, துளையிட்ட டிரம்மை இறக்கி, சுற்றிலும் ஜல்லி போடுங்கள். குழியின் அடியில் மணல் கொதிப்பதைப் போலக் கிளம்பினால் பம்பை நிறுத்தி, தண்ணீரை ஏறவிட்டு, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கட்டுவது நிலத்தடித் தொட்டி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டி முடித்த காலித் தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் திரும்ப ஏறினால் தொட்டியே மேலே கிளம்பிவிடும். தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டு, அதற்குப் பிறகு பம்பை நிறுத்துங்கள்.