கண் சொட்டு மருந்தால் உடலின் தோல் பாதிக்கப்படுமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வாழும் உங்கள் பாட்டிக்கு, கண் அழுத்தத்திற்காக டோர்சோலமைடு சொட்டு விடத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் மார்பில் சிவந்த தடிப்புகள் தோன்றியதாகவும், ஒரு துளி இவ்வளவு செய்யுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரிதாகத்தான் என்றாலும் செய்யும். கண்ணில் விட்ட மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்கின் உட்சவ்வை அடைந்து, மருந்தைச் சிதைக்கும் கல்லீரலை முதலில் கடக்காமலேயே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. டோர்சோலமைடு, கடும் தோல் ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய சல்போனமைடு (சல்ஃபா) மருந்து வகையைச் சேர்ந்தது என்பதால், 1922இல் விவரிக்கப்பட்ட ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியும் (தோலும் வாய், கண் சவ்வுகளும் கொப்புளித்து உரியும், உயிருக்கே ஆபத்தான மருந்து ஒவ்வாமை) அதன் எச்சரிக்கைகளுள் ஒன்று. இமை மட்டும் அரித்துச் சிவந்தால் அது பெரும்பாலும் தொடு ஒவ்வாமையே. பாட்டிக்கோ தடிப்பு மார்புக்கு வந்துவிட்டது. ஆகவே அடுத்த சொட்டை விடாமல், இன்றே மருத்துவரிடம் காட்டி, கண் அழுத்தத்திற்கு மாற்று மருந்தும் கேளுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், தோல் எரிச்சல், கொப்புளம் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும், தயவுசெய்து ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.